நூறு சதவீதம் சக்கரபாணி

பள்ளி திறந்து ஒரு வாரமாகியும் பதினோராம் வகுப்புக் கணக்கு குரூப்பில் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை.

"பதினஞ்சு பேராவது வேணும் சார். இல்லேன்னா உங்க போஸ்ட் உபரி. ஜவ்வாது மலைக்குத் தூக்கிடுவாங்க" என்றார் தலைமை ஆசிரியை மங்களாம்பிகை.

கணக்காசிரியர் சக்கரபாணி வேங்கிக்காலில் அப்போதுதான் வீடு கட்டியிருந்தார். கிரகப்பிரவேச வாழைமரம்கூட இன்னும் முழுதாகக் காயவில்லை.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு மூளையைக் கசக்கப் பயம் மேடம். பத்து வருஷமா நூறு சதவீதம் ரிசல்ட் குடுக்கறேன். அது ஊருக்குத் தெரியல, அதான்."

அந்த நூறு சதவீதத்தின் சூட்சுமம் எளிது. பதினொன்றாம் வகுப்பு அரையாண்டு முடிந்ததும், தேறுமா தேறாதா என்று இழுக்கிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிடுவார். "உங்க புள்ளைக்குக் கணக்கு வராதுங்க" என்று கனிவாகச் சொல்லி, டி.சி.யோடு ஆசீர்வாதத்தையும் கொடுத்தனுப்புவார். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் களையெடுப்பு. மிஞ்சியவர்கள் எப்படியும் பாஸ்.

ஊருக்குத் தெரிவிக்க ஃபிளெக்ஸ் அடித்தார். பொன்னாடை போர்த்திய அவர் படம், பக்கத்தில் குத்துவிளக்கு, மேலே பெரிதாகப் 'பத்தாம் ஆண்டு'. நூறு சதவீதம் கீழே பொடி எழுத்தில் இருந்தது. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் கட்டினால் ஊரே பார்க்கும் என்று கணக்குப் போட்டார். ஊர் பார்த்தது.

"நல்ல மனுஷனாத்தான் தெரியுறாரு. போய்ச் சேந்து பத்து வருஷமாச்சாம், பாவம்" என்று ஓர் அம்மாள் உச்சுக்கொட்டிக் கும்பிட்டுவிட்டுப் போனதை, பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த சக்கரபாணி கேட்டார்.

அடுத்து மாதிரி வகுப்பு. எங்கும் சேராமல் யோசித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை வரவழைத்தார்.

"கணக்கு அல்வா மாதிரி. ஒரே ஒரு சம் போட்டுக் காட்டறேன், பாருங்க."

கரும்பலகை நிறைந்தது. அழித்தார். மறுபடி நிறைந்தது. விடை மட்டும் வரவில்லை.

"சார், மூணாவது வரில மைனஸ் விட்டுட்டீங்க" என்றாள் பூஜா என்ற பெண்.

"முந்திரிக்கொட்டை! வாத்தியாருக்கே வாத்தியாரா? உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

வீடு திரும்பும் வழியில்தான் அந்த மைனஸ் அவருக்குப் புலப்பட்டது. பெண் சொன்னது சரி. முன்பும் ஒருத்தி இப்படித்தான் குறுக்கே குறுக்கே கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வருஷக் களையெடுப்பிலேயே போய்விட்டாள். பெயர்கூட நினைவில்லை.

அடுத்த வாரம் கீழ்பென்னாத்தூர் சாலையில் பூஜா வீட்டைத் தேடிப் போனார். ஸ்கூட்டருக்கு முன்னால் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஒரு வேன் போனது. மாதிரி வகுப்பில் பார்த்த முகங்கள் சில, அவரைக் கண்டதும் குனிந்துகொண்டன.

'பாவம், காமர்ஸ் படிக்கப் போவுதுங்க' என்று இரக்கப்பட்டார்.

பூஜாவின் அம்மா எல்லம்மாள் விதைக்கு மல்லாட்டை உடைத்துக் கடலைப் பருப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், இவ்ளோ தூரம்? உக்காருங்க."

"உங்க பொண்ணுக்கு அபாரமான மூளைம்மா. கணக்கு குரூப்ல சேத்துடுங்க. அன்னிக்கு நான்தான் கொஞ்சம் ஜாஸ்தியாப் பேசிட்டேன். அவகிட்ட நானே சாரி சொல்றேன்."

அந்த வார்த்தையை ஒரு பிள்ளைக்காக அவர் சொல்வது இதுவே முதல் தடவை. சொல்லும்போது ஜவ்வாது மலை ஞாபகத்துக்கு வரவில்லை என்பது அவருக்கே வியப்பாக இருந்தது.

"அவ கணக்கு குரூப்தான் சார் எடுத்திருக்கா. இங்க கீழ்பென்னாத்தூர்ல. உங்க பக்கத்துப் புள்ளைங்களும் வேன்ல வந்து சேந்துட்டு, எடம் பத்தாம தரையில உக்காந்து படிக்குதுங்க."

"கணக்கா? அங்க ரிசல்ட் நூறு சதவீதமா?"

"கம்மிதாங்க. ரெண்டு மூணு ஃபெயிலாவும், மறுபடி எழுதிப் பாஸ் பண்ணும். யாரையும் வெளிய அனுப்பறதில்ல."

சக்கரபாணியின் குரல் இறங்கியது. "யாரும்மா அங்க கணக்கு வாத்தியாரு?"

எல்லம்மாள் சொம்பில் தண்ணீரை நீட்டினாள்.

"எங்க பெரிய பொண்ணு அறிவுமதி சார். கணக்கு வராதுன்னு டி.சி. குடுத்து அனுப்புனீங்களே, அவதான்."