பிரதமரை வழியனுப்புகிறவர்

“இத்தனை பேர் எழுதியிருக்காங்களே கண்ணு, அப்ப இவங்கள்லாம் எதுக்குத்தான் கையெழுத்துப் போட்டாங்க?”

கவுன்சில் அலுவலகத்தின் படிக்கட்டில் நின்று க்ளெண்டா இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் உங்களுக்கு ஓர் உயிரினத்தை அறிமுகப்படுத்த வேண்டும்.

அதன் பெயர் பிரதமரை வழியனுப்புகிறவர். நம் நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும், மழைக்கு அடுத்தபடியாக, இவர் இருப்பார். அரசியல்வாதி என்று நினைத்துவிடாதீர்கள். இவர் தேர்தலில் நின்றதில்லை, எந்தக் கட்சிக்கும் சந்தா கட்டியதில்லை, தன் தெருவிளக்கு நான்கு மாதம் எரியாமல் கிடந்தபோதுகூட யாருக்கும் ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் லண்டனில் ஒரு பிரதமர் பதவி விலகினால், ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதவைத்தவர் போல இவர் முகத்தில் ஒரு களைப்பு தெரியும். களைப்புக்குக் கீழே சந்தோஷம் தெரியும்.

எங்கள் ஊரான ஸ்கெல்பியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி டெஸ்மண்ட் பாட்டம்லி. முப்பத்தொரு வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அதாவது, முப்பத்தொரு வருடம் காரின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர். அந்தப் பக்கம் ஸ்டியரிங் கிடையாது. காலுக்கடியில் ஒரு பிரேக் மட்டும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கால் ஓய்வு பெறவில்லை. தொலைக்காட்சியில் பிரதமர் பேசும்போதெல்லாம் டெஸ்மண்டின் இடது கால் தரையை ஓங்கி மிதிக்கும். “கண்ணாடியப் பாக்காம திரும்புறான் பாரு!” என்பார். நாட்டைப் பற்றி அவருக்கு வேறு கருத்தே கிடையாது. ஆனால் அந்த ஒரு கருத்தை அவரால் மூன்று மணி நேரம் சொல்ல முடியும்.

சொல்கிற இடம், க்ளெண்டா பிக்கர்ஸ்கில் நடத்தும் துவைப்புக் கடை. ஒன்பது இயந்திரங்கள், ஒரு நீளப் பெஞ்சு, சுவரில் ஒரு தொலைக்காட்சி, யாரும் தேடி வராத ஒற்றைக் காலுறைகள் நிறைந்த ஒரு கூடை. துணி சுற்றி முடிக்கிறவரை யாரும் எழுந்து போக முடியாது. பேச விரும்புகிற ஒருவருக்கு இதைவிட நல்ல நாடாளுமன்றம் எங்கே கிடைக்கும்?

அந்த ஜூலை மாதம் பெஞ்சின் மேல் கிளிப் வைத்த ஓர் அட்டை கிடந்தது. அதில் க்ளெண்டா எழுதிவைத்த ஒரு தாள். எங்கள் ஊரிலிருந்து தோர்ன்லிக்குப் போகும் அறுபத்து மூன்றாம் எண் பேருந்தைச் செப்டம்பரோடு நிறுத்தப்போவதாகக் கவுன்சில் அறிவித்திருந்தது. நூற்றைம்பது பேர் கையெழுத்துப் போட்டு, மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் கொடுத்தால், கவுன்சிலர்கள் கூடி அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். கொடுக்காவிட்டால் பேச்சே கிடையாது.

தோர்ன்லியில் ஒரு முதியோர் இல்லத்தில் க்ளெண்டாவின் தங்கை ஏவிஸ் இருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குப் பேச்சு வரவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் மூன்றரை மணிக்கு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டுவாராம். க்ளெண்டாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்காகக் காத்திருப்போர் வரிசையில் எங்கோ பின்னால் நின்றுகொண்டிருந்தார். கார் ஓட்ட முடியாது. ஆகவே அந்தப் பேருந்துதான் அவருடைய செவ்வாய்க்கிழமை.

முதல் இரண்டு நாளில் முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் பிரதமர் ராஜினாமா செய்தார்.

அன்று காலை தொலைக்காட்சியில் பிரதமர் வீட்டின் அந்தக் கறுப்புக் கதவு திறந்தது. இரண்டு பேர் மரத்தாலான பேச்சு மேசை ஒன்றைத் தூக்கி வந்து தெருவில் வைத்துவிட்டுப் போனார்கள். டெஸ்மண்ட் எழுந்து நின்றார்.

“மேசை வந்துடுச்சு! மேசை வெளிய வந்தா ஆள் வெளிய போறான். நான் அப்பவே சொன்னேன்ல?”

“எப்பவே?” என்றாள் ஹேஸல். தபால்காரி, வேலை முடிந்து சீருடையைத் துவைக்க வந்திருந்தாள். “போன வாரம் இதே பெஞ்சில உக்காந்து, இந்த ஆளை யாராலயும் அசைக்க முடியாதுன்னு சொன்னது யாரு? நாலாம் நம்பர் மெஷினா?”

“அது வேற கோணத்துல சொன்னது.”

“இதுக்கு முன்னாடியும் ஒரு தடவ மேசை வந்துச்சு. தேர்தல்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.”

“அது வேற மேசைம்மா. அதோட காலைப் பாத்தாலே தெரியும்.”

வழியனுப்புகிறவர் எப்படி வழியனுப்புவார் என்று கேட்கிறீர்களா? பதவி விலகப்போகும் வரை அந்தப் பிரதமர் திருடன், பொய்யன், வளைவில் கை காட்டாதவன். மேசைக்குப் பின்னால் வந்து நின்று மனைவிக்கு நன்றி சொல்ல ஆரம்பித்த அடுத்த நொடியில் பாவம், நல்ல மனுஷன். “குடும்பம் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்!” என்று டெஸ்மண்ட் மூக்கைச் சிந்தினார். சிந்திய கைக்குட்டையை மடிப்பதற்குள் அடுத்தவர் யார் என்ற ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. சுமை வண்டி வந்து பழையவரின் சோபாவை ஏற்றுவதற்குள் புதியவரையும் வெறுக்க ஆரம்பிக்க வேண்டாமா? நேரம் குறைவு.

போட்டியில் ஏழு பேர் இருந்தார்கள். கட்சி உறுப்பினர்கள்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஸ்கெல்பியில் அப்படி ஒருவர்கூட எனக்குத் தெரிந்து கிடையாது. ஆகவே எங்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத விஷயத்தில் மனிதர்கள் காட்டுகிற உழைப்பு இருக்கிறதே, அதைப் பார்க்க நீங்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். டெஸ்மண்ட் ஏழு சீட்டுகளில் ஏழு பெயரை எழுதினார். கூடையிலிருந்து சாம்பல் நிறக் காலுறை ஒன்றை எடுத்து அதற்குள் போட்டுக் குலுக்கினார். ஒரு சீட்டை எடுக்க வேண்டும், வந்த பெயருக்குக் கீழே ஒரு தாளில் நம் பெயரை எழுத வேண்டும், சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். யாருடைய ஆள் பிரதமராகிறாரோ அவருக்குப் பெரிய இயந்திரத்தில் ஒரு மெத்தைப் போர்வை இலவசமாகத் துவைத்துத் தரப்படும்.

“சரிதானே க்ளெண்டா?”

சோப்புத்தூள் நிரப்பிக்கொண்டிருந்த க்ளெண்டா, “என்னமோ பண்ணு டெஸ்மண்ட், தரையில தண்ணி சிந்தாம பண்ணு” என்றார். அதுதான் சம்மதம்.

கட்டம் போட ஒரு தாள் வேண்டியிருந்தது. பெஞ்சின் மேல் அட்டை கிடந்தது. டெஸ்மண்ட் தாளை உருவி, திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் ஏழு கட்டம் போட்டு, அப்படியே கிளிப்பில் மாட்டினார். பேருந்து கீழே போனது. பிரதமர் பதவி மேலே வந்தது.

மூன்று வாரம் ஊரே வந்தது. துவைக்கத் துணி இல்லாதவர்கள் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்கள். காலுறைக்குள் கையை விட்டார்கள், பெயரை எழுதினார்கள், எழுதியதற்குக் காரணம் சொன்னார்கள். இவர் நெற்றி சரியில்லை. அவர் சாண்ட்விச்சைக் கத்தியால் வெட்டித் தின்கிறார், நம்ப முடியாது. கட்டங்கள் நிறைந்தபோது டெஸ்மண்ட் இன்னொரு தாளை ஒட்டினார். பிறகு இன்னொன்று. அவர் எடுத்த ஆள் முதல் சுற்றிலேயே விலகிக்கொண்டபோது, “அவர் தேறமாட்டார்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றார்.

“தெரிஞ்சுதான் எடுத்தீங்களாக்கும்?” என்றாள் ஹேஸல்.

“காலுறை எடுத்துச்சு. நானா எடுத்தேன்?”

க்ளெண்டா ஒவ்வொரு நாளும் அட்டையைக் கண்ணுக்கு அருகில் தூக்கிப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் வரி வரியாக நிறைந்துகொண்டே போகும் நீல மை. சீட்டு விளையாட்டு ஒரு பக்கம் நடக்கிறது, வருகிறவர்கள் அப்படியே பேருந்துக்கும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். பேனாவை வைக்கிற ஒவ்வொருவரிடமும், “ரொம்ப நன்றி கண்ணு, மறக்க மாட்டேன்” என்றார். விளையாட்டுக்கு வந்ததற்கா இவ்வளவு நன்றி, எவ்வளவு நல்ல மனசு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பாருங்கள். அதுதான் இதில் கொடுமை.

கடைசி வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குப் புதிய பிரதமரின் பெயரை அறிவிக்க இருந்தார்கள். பதினோரு மணிக்கே பெஞ்சில் இடமில்லை. க்ளெண்டா அட்டையை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, “படிக்கட்டு ஏறணும், கூட வாயேன்” என்று என்னைக் கூப்பிட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். அறிவிப்பைத் தவறவிட வேண்டியிருக்குமே! இருந்தாலும் போனேன்.

கவுன்சில் அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் எழுத்தர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். பொறுமையாக எண்ணினார். பிறகு தாளைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“அம்மா, இதுல இருநூத்தி ஆறு பேரு அடுத்த பிரதமர் யாருன்னு சொல்லியிருக்காங்க. பஸ் வேணும்னு கேட்டிருக்கறது முப்பத்தொரு பேரு.”

“எல்லாம் ஒரே தாள்தானே தம்பி?”

“தாள் ஒண்ணுதாம்மா. பக்கம் ரெண்டு.”

“இப்ப மணி என்ன?”

“பன்னெண்டடிக்க எட்டு நிமிஷம்.”

எட்டு நிமிடத்தில் நூற்றுப் பத்தொன்பது பேர். எழுத்தரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பிஸ்கட் உடைந்து தேநீருக்குள் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோதுதான் க்ளெண்டா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். தெருவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஜன்னலைத் திறந்து வைத்துச் சத்தமாகச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாட்டுக்குப் பிரதமர் கிடைத்துவிட்டார்.

கடைக்குத் திரும்பினால் ஒரே ஆரவாரம். “நான் அப்பவே சொன்னேன்ல!” என்று டெஸ்மண்ட் கையைத் தூக்கினார். க்ளெண்டா அட்டையைப் பெஞ்சில் வைத்தார், முன்பக்கம் மேலே இருக்கும்படி. ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகத் தங்கள் இயந்திரத்தின் வட்டக் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“யாராவது எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார் டெஸ்மண்ட் கடைசியில்.

“தாளைத் திருப்பினது யாரு? காலுறையா?” என்றாள் ஹேஸல். அவள் பெயரும் பின்பக்கத்தில்தான் இருந்தது.

டெஸ்மண்ட் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுதுவது எளிதாக இருந்திருக்கும். செப்டம்பரில் பேருந்து நின்றதும் அவரே வந்து, “இனி செவ்வாய்க்கிழமை என் கார்ல கூட்டிட்டுப் போறேன்” என்றார். மூன்று செவ்வாய் கூட்டிப்போனார். வழி நெடுகப் புதிய பிரதமர் எப்போது போவார் என்று சொல்லிக்கொண்டே ஓட்டுவாராம். “இப்ப இடது பக்கம் உக்காந்து தரையை மிதிக்கிறது நான்தான்” என்று க்ளெண்டா சிரித்தார். “எனக்கு பிரேக்கும் இல்ல.”

நான்காவது செவ்வாய் க்ளெண்டா மேல்கோட்டைப் போட்டு, பொத்தானெல்லாம் மாட்டி, தங்கைக்குக் கஸ்டர்டு டார்ட் என்ற இனிப்பு வைத்த பெட்டியோடு கடைவாசலில் நின்றார். இரண்டே முக்கால். மூன்று. மூன்றேகால். ஹேஸல் போய் டெஸ்மண்டின் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். அன்று நிதியமைச்சர் ராஜினாமா செய்திருந்தார்.

“மேசை வந்துடுச்சு, ஹேஸல்! உள்ள வா, வா!”

தோர்ன்லியில் ஏவிஸின் நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பித்தான் இருந்ததாம். இருட்டும்வரை திருப்ப விடவில்லையாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பிரதமரானவரின் பெயருக்குக் கீழே இருபத்தொன்பது பேர் எழுதியிருந்தார்கள். அறிவிப்புக்கு மறுநாள் அந்த இருபத்தொன்பது பேரில் இருபத்தாறு பேர் மெத்தைப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு துவைப்புக் கடைக்கு வந்து, வாசலைத் தாண்டித் தெருவரை வரிசையில் நின்றார்கள். பேருந்துக்காக ஒரு பெயரை எழுத நேரமில்லாதவர்களுக்கு இரண்டு மணி நேரம் நிற்க நேரம் இருந்தது. பதினேழாவதாக நின்றது நான். மூன்று வாரம் தினமும் அந்த அட்டையைப் பார்த்திருக்கிறேன். தாளுக்குப் பின்னால் எழுத்து தெரிவதையும் பார்த்திருக்கிறேன். முன்பக்கத்தில் என் பெயர் இல்லை. திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதற்குள் க்ளெண்டா என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

“ஜெயிச்சது ஜெயிச்சதுதான் கண்ணு. கொண்டா போர்வையை.”

கொடுத்தேன்.

ஆகவே, வழியனுப்புகிறவர் என்றால் ஓய்வு பெற்றவர், தொந்தி உள்ளவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். அவருக்குப் பதினெட்டு வயதும் இருக்கலாம். இதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கண்ணால் செய்தியில் யார் போகிறார், யார் வருகிறார் என்று பார்த்துக்கொண்டும் இருக்கலாம். உங்கள் தெருவில் கடைசியாக ஒருவர் நீட்டிய தாள் எதற்கானது என்று நினைவிருக்கிறதா? இல்லையா? எனக்கும் இருக்கவில்லை.

க்ளெண்டா இப்போது புதுத் தாள் வைத்திருக்கிறார். ஜனவரியில் பேருந்தைப் பற்றிக் கவுன்சில் ஊராரிடம் மறுபடி கேட்கும். இந்த முறை பின்பக்கத்தில் மூலைக்கு மூலை பெரிய பெருக்கல் குறி போட்டுவிட்டார். முன்பக்கத்தில் முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது டெஸ்மண்டுடையது, கொஞ்சம் பெரிய எழுத்தில். இந்தக் கதையை வாசித்தவர்கள் தயவுசெய்து இன்னொருவரிடம் கொடுங்கள். துவைப்புக் கடையோ, முடிதிருத்தும் கடையோ, எங்கே தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு மனிதர்கள் காத்திருக்கிறார்களோ, அங்கே வைத்துவிட்டுப் போனாலும் போதும். ஒரே ஒரு வேண்டுகோள். எழுத்து மேலே தெரியும்படி வையுங்கள்.