பிள்ளைத் துணியும் இரட்டைக்கரை வேட்டியும்

மூணு மாசப் பிள்ளை வெளிக்குப் பச்சையாய்ப் போனான். எனக்குப் பயம். என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அறுவடைக் கூலி கேட்டு ஊரில் வேலைநிறுத்தம். மிராசுதார் வயலில் கதிர் சாய்ந்து கிடக்கிறது. இவர் சங்கத்துப் பேச்சாளர்; இவருக்கும் வேலையில்லை. இரட்டைக்கரை வேட்டி கட்டி, முகத்தில் பவுடர் போட்டு, குடவாசல் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை விட்டார். அங்கேதான் புது நர்ஸ் அருள்மேரி.

"என்னங்க சொன்னாங்க?"

"தாய்ப்பால் பிள்ளைக்கு மஞ்சளாவும் போகும், பச்சையாவும் போகும். பிள்ளை தெம்பா இருந்தா பயமில்லையாம். வெள்ளையாவோ ரத்தமாவோ போனா உடனே தூக்கிட்டு வரணுமாம். எவ்வளவு பொறுமையாச் சொல்றாங்க தெரியுமா!"

மறுநாள் மஞ்சள். சொல்லக் கிளம்பினார். அடுத்த நாள் கடுகு கடுகாய். அதற்கும் சைக்கிள். ஒருநாள் பிள்ளை போகவேயில்லை.

"இன்னிக்கு எதுக்குங்க?"

"போகலைன்னு போய்ச் சொல்ல வேண்டாமா?"

எனக்கு வயிறு எரிந்தது. என் முகம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று இந்த மனுஷன் ஒருநாள் பார்த்ததுண்டா?

வியாழக்கிழமை பிள்ளைக்குத் தடுப்பூசி. நானும் சைக்கிளில் ஏறினேன்.

"வெயில்டி, நீ எதுக்கு?"

"ஊசி பிள்ளைக்குத்தானே? பிள்ளை என் இடுப்புல இருக்கு."

அருள்மேரி அழகுதான். அதுதான் கோபம்.

"கொடுத்து வச்சவம்மா நீ! பிள்ளைத் துணியெல்லாம் இவரே துவைக்கிறாராமே. அதான் நிறத்தை இவ்வளவு சரியாச் சொல்றார்!"

தினம் துவைக்கிற நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வெளியாள் முன்னால் பேச்சு வராது. அன்றைக்கு வந்தது.

"ஆமாங்கம்மா. என்னைத் தொடவே விடமாட்டார். நாளைக்கு எங்க கொல்லைக்கு வாங்களேன். அவர் துவைக்கிற அழகைப் பார்க்கணும்."

"கட்டாயம் பார்க்கணும்!"

வழியெல்லாம் பெடலை மிதி மிதியென்று மிதித்தார். வீட்டு வாசலில் சைக்கிளைச் சாத்தினார்.

"என்னடி இப்படி மாட்டி விட்டுட்டே?"

"நர்ஸம்மா வர்றாங்க. இரட்டைக்கரையே கட்டிக்குங்க."

எப்படியோ சேதி பரவி, காலையிலேயே சங்கத்து ஆட்கள் வேலியோரம் கூடிவிட்டார்கள். மேடையில் முழங்குகிற மனுஷன் வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார். சைக்கிள் மணி கேட்டது. உடனே சிரித்த முகத்தோடு, வெளுத்த துணி ஒன்றைக் கொடி மாதிரி உயர்த்தினார்.

உள்ளே வந்தது பெரிய மீசைக்காரர் ஒருவர். கையில் ஒரு மூட்டை.

"நான் சவரிராஜ், அருள்மேரி வீட்டுக்காரன். எங்களுக்கும் கைப்பிள்ளைதான். உங்ககிட்ட துவைக்கக் கத்துக்கிட்டு வரச் சொன்னா அண்ணே" என்று மூட்டையை அவர் முன்னால் அவிழ்த்தார்.