கார் வாங்கப் போகிறவர்

கார் வைத்திருப்பவர்களை உங்களுக்குத் தெரியும். கார் இல்லாதவர்களையும் தெரியும். இவர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் பெருகிவரும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு: கார் வாங்கப் போகிறவர். பல வருடங்களாகப் போய்க்கொண்டே இருப்பவர். இவரைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று இவருக்குச் சவரம் செய்துவிடுபவனே நான்தான்.

புது வண்டி என்றால் இவருக்கு வயிறு எரியும். "ஷோரூம் கேட்டைத் தாண்டினதுமே விலை இறங்கிடும் சார்!" சரி, பழையது? "முன்னாடி வச்சிருந்தவன் அதை என்ன பாடு படுத்தினானோ!" மாதாமாதம் பணம் கட்டி ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் லீஸ்? "அவ்வளவும் கட்டிட்டு, கடைசில கையை வீசிட்டு வரணுமா?" ஆக, மூன்று கதவும் சாத்தியாயிற்று. இவர் நிம்மதியாகப் பஸ் ஏறுவார்.

ஆனால் ஊருக்கு யோசனை சொல்வதில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. என் பேச்சைக் கேட்டு எங்கள் அலுவலகத்தில் மேலாளர் புதியது வாங்கினார், காசாளர் பழையது வாங்கினார், வரவேற்பறைப் பெண் லீஸுக்கு எடுத்தாள். மூவரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். மழை பெய்தால் இரக்கப்பட்டு என்னை ஏற்றிக்கொள்வார்கள். இறங்கும்வரை டயர் தேய்மானம் பற்றி வகுப்பெடுப்பேன். அதனால்தானோ என்னவோ, வண்டி கொஞ்சம் வேகமாகவே போகும்.

என் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். அங்கேயே அவள் அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது.

"சனிக்கிழமை அப்பாவை வீட்டுக்கு அனுப்புறாங்க. காலை மடக்கக் கூடாதாம். அடிக்கடி காட்டவும் வரணும். ஒரு வண்டி வேணுங்க."

"வாங்கிடலாம்மா. புது மாடல் வரப்போகுது, பழசு விலை இறங்கும். கொஞ்சம் பொறு."

"நான் பொறுப்பேன். அவர் கால் பொறுக்காது."

அன்றிரவும் நான் இணையத்தில் மைலேஜ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மாமனாரைக் கைத்தாங்கலாக மருத்துவமனை வாசலுக்குக் கூட்டிவந்தால், எதிரே ஒரு சாம்பல் நிறக் கார். ஓட்டுநர் இருக்கையில் என் மனைவி! வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் லேப் டெக்னீஷியனின் வண்டியாம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பேசி முடித்துவிட்டாளாம்.

"நீ எப்ப ஓட்டக் கத்துக்கிட்ட?"

"நீங்க ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தப்ப."

மாமனார் பின்சீட் முழுக்கக் காலை நீட்டி, "அப்பாடா!" என்றார். நான் முன்னால் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். எவ்வளவு அடக்கியும் வாய் கேட்கவில்லை.

"இதையே லீஸுக்கு எடுத்திருந்தா..."

"மாப்பிள்ளை," என்றது பின்சீட், "அதோ பஸ் ஸ்டாப். இறங்கிக்கிறீங்களா?"

மனைவி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். நான் பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வலியில்லாமல் அவர் கண்ணயர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்தபோது, நல்லவேளை என்னை யாரும் கேட்கவில்லை என்று தோன்றியது.

இது ஏதோ ஒரு அசட்டு மனிதனின் கதை என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரிப்புக்கு நடுவே, 'அதெல்லாம் சரி, அந்த அம்மா என்ன விலைக்கு வாங்கினாங்க? எத்தனை கிலோமீட்டர் ஓடின வண்டி?' என்று உங்கள் மனம் கேட்டதா, இல்லையா?

கேட்டதா? வாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள். பஸ் வர நேரமாகும்.