மாங்காய்ப் பூட்டும் கேமரா வாரும்

சிறுமலையில் என் கேமரா கீழே விழாது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பிரியாணித் தட்டின் முன்னால் உட்கார்ந்து நான் இப்படி ஓர் உறுதி எடுத்தேன். அந்த உறுதி இன்றுவரை நிறைவேறிக்கொண்டுதான் இருக்கிறது. அதுதான் என் வருத்தம்.

நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் உதவியாளர். பெயர் ஹாமித். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அது ஒரு பெருமை என்று வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வேலை. கேஸ் படிவம், வங்கி நிபந்தனைகள், மாத்திரை அட்டையின் பின்பக்கம், மிக்ஸியோடு வரும் கையேடு எல்லாவற்றையும் குடும்பம் முழுவதற்கும் நான்தான் படித்தாக வேண்டும். இருபத்தெட்டு வயதுக்குள் உலகத்தில் எதெல்லாம் கழன்று விழும், எதெல்லாம் தீப்பிடிக்கும் என்பது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

எங்கள் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் பவுல்ராஜ் சார் வருடம் ஒருமுறை சிறுமலைக்கு நடைபயணம் கூட்டிப்போவார். வேனில் பன்னிரண்டு இடம். பதினொன்று நிரம்பிவிட்டது. மிச்சம் இருந்த ஓர் இடத்தைக் கேமரா வைத்திருப்பவருக்கு என்று ஒதுக்கிவிட்டார். செல்போன் எல்லோரிடமும் இருந்தது. கேமரா என்னிடம்தான் இருந்தது.

என்னிடம் என்றால் எங்களிடம். இன்னும் சரியாகச் சொன்னால், என் மனைவி இஃப்பத்திடம். ஷார்ஜாவில் இருக்கும் அவள் அண்ணன் சதாம் எங்கள் கல்யாணத்துக்கு அவள் கையில் கொடுத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான் வாங்கி பீரோவில் வைத்தேன். ஒன்றரை வருடமாகப் பத்திரமாக இருந்தது.

"மச்சான், சிறுமலைக்கு நான் போகட்டுமா?" என்றாள் இஃப்பத், பிரியாணியைக் கிளறிக்கொண்டே.

"ஒரே சீட்டும்மா."

"தெரியும். சீட்டு உங்களுக்கா, கேமராவுக்கா?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "கேமராவுக்கு" என்றேன்.

"அப்ப யாரு தூக்கிட்டுப் போனா என்ன? பேரு எழுதிக் குலுக்கிப் போடுவமா?"

"இது குலுக்கிப் போடுற விஷயம் இல்ல இஃப்பத். பொறுப்பு. அம்புட்டு ஒசரத்துல கேமரா கழண்டு விழுந்துச்சுன்னா?"

"பொறந்ததுல இருந்து மாடிக்குப் போனா அந்த மலைதான் தெரியுது. ஒரு தடவகூட ஏறுனதில்ல."

"நான் படம் எடுத்துட்டு வந்து காட்டுறேன்."

அவள் என் தட்டில் இன்னொரு கறித்துண்டு வைத்தாள்.

"சரி, போயிட்டு வாங்க. ஆனா பெல்ட்ட மட்டும் நல்லாப் பாத்து வாங்குங்க. விழுகவே கூடாது."

கல்யாணமான எந்த ஆணும் அந்த இடத்தில் சுதாரித்திருப்பான். நான் கறியைத் தின்றேன்.

கேமராவோடு பெட்டியிலேயே ஒரு வார் வந்திருந்தது. கறுப்பு நாடா. அதில் மஞ்சள் எழுத்தில் கம்பெனியின் பெயர்.

"இது ஆகாதா?" என்றாள் இஃப்பத்.

"கழுத்த அறுக்கும். அதோட பேரை இம்புட்டுப் பெரிசா போட்டிருக்கான். திருடன் கண்ணாடி போடாமலே படிச்சிருவான்."

"மலையில திருடன் எங்க இருக்கான்? கொரங்குதான் இருக்கு."

"கொரங்குக்குப் படிக்கத் தெரிய வேண்டியதில்ல. இழுக்கத் தெரிஞ்சாப் போதும்."

அவள் அந்த நாடாவைச் சுருட்டி சமையலறை ஆணியில் மாட்டினாள்.

வாரைச் சோதிக்காமல் நம்பக்கூடாது. கேமராவை மாட்டிச் சோதிக்கவும் கூடாது. எனவே அதே எடையில் வேறு ஒரு பொருள் தேவைப்பட்டது. கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோ நூற்றிருபது கிராம். என் மாமனார் அப்துல் கையூம் தோல் வியாபாரி. அவர் குடோனில் ஒரு பழைய மாங்காய்ப் பூட்டு கிடந்தது. நம் ஊர்ப் பூட்டு, மாங்காய் வடிவம், ஆள் செத்தாலும் அது சாகாது. முகமது ரஃபீக் பாய் மளிகைக்கடைத் தராசில் வைத்தேன். ஒரு கிலோ தொண்ணூறு கிராம். சாவியையும் சேர்த்து வைத்தேன். ஒரு கிலோ நூற்றிருபது. அல்லாஹ்வே என் பக்கம் நிற்பதாக நினைத்தேன்.

முதலில் வந்தது பஞ்சு மாதிரி இழுபடும் வார். கழுத்துக்குச் சுகம். நடந்தால்தான் சிக்கல். பூட்டு கீழே போகும், மேலே வரும், வரும்போது வயிற்றில் ஒரு குத்து விடும். தெருமுனை போய்த் திரும்புவதற்குள் பதினாறு குத்து. குறிப்பேட்டில் எழுதினேன். திருப்பி அனுப்பினேன்.

அடுத்தது மணிக்கட்டில் மாட்டுவது. ஒரு கையில் பூட்டு தொங்க, மறு கையில் பால் பாத்திரத்தோடு வந்தேன். எதிர் வீட்டு வாசலில் அந்த வீட்டுக்கார அம்மா நர்கீஸ் நின்றிருந்தார்.

"என்ன தம்பி, வீட்டப் பூட்டுறதுக்குப் பதிலா கையப் பூட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?"

"சோதனை அக்கா."

"அது தெரியுது. இஃப்பத்துக்குத்தானே சோதனை?"

அதையும் திருப்பி அனுப்பினேன்.

மூன்றாவது, தோளில் குறுக்காகப் போடுவது. ஒரே ஒரு கொக்கி. கேமராவின் அடியில் திருகாணியில் மாட்டிக்கொள்ளலாம். படித்த மதிப்புரைகள் நூற்றிப்பத்திலும் ஐந்து நட்சத்திரம். மலையில் போடுவதை மலையில் சோதிக்க வேண்டும் என்று மலைக்கோட்டைக்குப் போனோம். பாறையில் வெட்டிய படிகளில் நெஞ்சில் பூட்டோடு ஏறினேன். எதிரே இறங்கிய பெரியவர் ஒருவர் கும்பிட்டுவிட்டு, "என்ன நேர்த்திக்கடன் தம்பி?" என்று கேட்டார்.

பதில் சொல்லத் திரும்பினேன். திரும்பியதில் கொக்கியும் திரும்பியது. பூட்டு என் இடது கால் பெருவிரலில் இறங்கியது.

விரல் நாவல்பழ நிறத்துக்கு வந்தது. இஃப்பத் குனிந்து பார்த்தாள். பூட்டைத்தான் முதலில் எடுத்துத் துடைத்தாள்.

"கேமராவா இருந்தா உடைஞ்சிருக்கும்" என்றாள். "நல்லவேளை, காலு."

அன்று சாயங்காலம் காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கடையில் விற்கும் எந்த வாருக்கும் ஏதோ ஓர் இடத்தில் கொக்கி, பக்கிள், திருகாணி இருக்கிறது. திறக்கக்கூடிய இடம்தான் துரோகம் செய்யும் இடம். குறிப்பேட்டில் நிபந்தனைகளை எழுதினேன். இரண்டு தோளிலும் பாரம் சமமாக விழ வேண்டும். முதுகில் குறுக்காகப் போக வேண்டும். எங்கும் பக்கிள் கூடாது. முன்பக்கம் இரண்டு இரும்பு வளையங்கள் நெஞ்சில் வந்து சேர வேண்டும்; அங்கே கேமரா. கேமராவைக் கழற்றாமல் வார் கழலக்கூடாது. போட்டிருப்பவனே நினைத்தாலும் கழலக்கூடாது.

கடைசி வரியை எழுதும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

இஃப்பத் வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இத எங்க அத்தாகிட்ட குடுத்தா எருமைத்தோல்லயே தச்சுக் குடுப்பாரு மச்சான். நான் அளவு எடுத்து அனுப்புறேன். கைய தூக்குங்க."

தூக்கினேன். அவள் துணி அளக்கும் நாடாவால் என் நெஞ்சை அளந்தாள். இவ்வளவு அக்கறையாக அவள் என்னை அளந்ததே இல்லை.

வார் வந்து சேர்ந்தது பயணத்துக்கு முதல் நாள், சனிக்கிழமை சாயங்காலம். மாமனாரின் கடை வாசனையோடு, கருங்காப்பி நிறத்தில், பார்க்கவே பயமாக இருந்தது. ஞாயிறு காலை ஏழரை மணிக்கு எங்கள் தெருவுக்கே வேன் வரும் என்று பவுல்ராஜ் சார் சொல்லியிருந்தார். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் இஃப்பத்திடம் சொன்னேன்.

"நேரா கேமராவ மாட்ட முடியாது. ஒரு சோதனை பண்ணணும். பூட்ட மாட்டி அம்பது தடவ மாடி ஏறி எறங்குறேன்."

"சிறுமலை அம்பது மாடிதானா?"

நியாயமான கேள்வி. "சரி, நூறு."

இரண்டு தோளையும் வாருக்குள் நுழைக்க நான் மூச்சை உள்ளிழுக்க வேண்டியிருந்தது. நெஞ்சில் இரண்டு வளையமும் சேர்ந்த இடத்தில் அவள் பூட்டைக் கோத்து அழுத்தினாள். சடக்கென்று ஒரு சத்தம். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"சாவி?" என்று கையை நீட்டினாள்.

இங்கே ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். அவள் என்னிடமிருந்து சாவியைப் பிடுங்கவில்லை. நானேதான் கொடுத்தேன். சாவி என்னிடம் இருந்தால் நாற்பதாவது தடவையில் கழற்றி வைத்துவிட்டு உட்காருவேன். என்னை எனக்குத் தெரியும்.

"ஆனா சாவி இல்லாட்டி முப்பது கிராம் கொறையுமே?"

"சட்டப்பையில நாலு மிட்டாய் போட்டுக்கங்க."

போட்டுக்கொண்டேன். கேமராப் பை வாசலில் தயாராக இருந்தது. கேமராவில் பழைய கறுப்பு நாடா மாட்டியிருந்தது.

"இத ஏன் மாட்டுன?"

"பையில இருந்து எடுக்கைல பிடிக்கிறதுக்கு. நீங்க வந்து நம்ம பெல்ட்டுக்கு மாத்திக்கலாம்."

எவ்வளவு முன்யோசனை என்று நினைத்தேன். அவள் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஷூ போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஷூ எதுக்கு?"

"பால் வாங்கப் போறேன். நீங்க எண்ணிக்கைய விட்டுறாதீங்க. வேன் வந்தா கூப்பிடுறேன்."

பால் வாங்க ஷூ என்பது எனக்கு வித்தியாசமாகத்தான் பட்டது. குறிப்பேட்டில்கூட எழுதினேன். வார் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்பதால் அடைப்புக்குறிக்குள் எழுதினேன்.

ஏறினேன். இறங்கினேன். எங்கள் வீடு கீழ்த்தளம். மேலே இரண்டு மாடி, அதற்கு மேல் மொட்டைமாடி. இருபதாவது தடவையில் நாவல்பழ விரல் முனகியது. நாற்பதில் மிட்டாய்கள் தீர்ந்துவிட்டன. எடை குறைவதைக் குறித்துக்கொண்டேன். வாரில் மட்டும் ஒரு குறையும் இல்லை. ஆட்டம் இல்லை, அறுப்பு இல்லை, நழுவல் இல்லை. தோலும் நானும் ஒரே பொருளாக இருந்தோம்.

அறுபத்து மூன்றாவது தடவை மொட்டைமாடியில் நின்று மூச்சு வாங்கினேன். கிழக்கே சிறுமலை நீலமாக நின்றது. கீழே வேன் நின்றது. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு பவுல்ராஜ் சார் நின்றார். அவர் பக்கத்தில் கேமராப் பையோடு ஒருத்தி ஏறிக்கொண்டிருந்தாள். ஷூ போட்டிருந்தாள்.

இறங்கி ஓடுவதற்கு மூன்று தளம். நொண்டும் காலுக்கு அது ஆறு தளம். நான் வாசலுக்கு வந்தபோது புகை மட்டும் இருந்தது. கூடவே என் மாமனார் அப்துல் கையூம் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"தச்சது எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன் மாப்ளே. மூச்சு விட முடியுதா?"

"பாதி முடியுது மாமா."

"பாதி போதும். ரெண்டு இஞ்சு கொறச்சு வைக்கச் சொல்லி மகதான் போன் பண்ணுச்சு. கொஞ்சம் தளர்வா இருந்தாலும் மாப்ளைக்கு பயம் வந்துரும்னுச்சு. பாவம், உங்க மேல அம்புட்டுப் பாசம்."

"மாமா, இத அறுத்து விடுங்க."

"எருமைத்தோலு மாப்ளே. இத அறுக்குற கத்தி என்கிட்ட இருக்கு. மனசு இல்ல." வாரைச் சுற்றி வந்து முதுகுப்பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார். "பூட்ட வேணா தொறங்க."

போனை எடுத்தேன். அரை மணி நேரம் விடாமல் அடித்த பிறகு எடுத்தாள். வேன் சத்தமும் சிரிப்பும் சேர்ந்து கேட்டன.

"இஃப்பத், எங்க போற?"

"சிறுமலைக்கு. வளைவு ஆரம்பிச்சிருச்சு. மச்சான், கீழ நம்ம ஊரு எம்புட்டு அழகா இருக்கு தெரியுமா?"

"சீட்டு என் பேர்ல இருக்கு."

"சீட்டு கேமராவுக்குன்னு நீங்கதான சொன்னீங்க. சார்ட்ட போன வாரமே சொல்லிட்டேன், கேமரா கண்டிப்பா வந்துரும்னு. வந்துருச்சு. அது கீழ விழுகாம பாத்துக்க நான் கூட வந்திருக்கேன்."

"அந்த நாடா கழுத்த அறுக்குமே?"

"துப்பட்டாவுக்கு மேல போட்டிருக்கேன். ஒண்ணும் தெரியல."

மூன்று வாரம். நாலு வார், ஒரு கால்விரல், பதினாறு குத்து. துப்பட்டாவுக்கு மேலே போடலாம் என்று ஒரு மதிப்புரையிலும் எழுதவில்லை.

"சாவி எங்க?"

"பத்திரமா இருக்கு. கேமரா நாடாவுலயே கோத்துக் கழுத்துல போட்டிருக்கேன். சாயங்காலம் அசருக்குள்ள வந்துருவேன். பானையில இட்லி இருக்கு, அத்தாவுக்கும் வச்சுக் குடுங்க. நான் படம் எடுத்துட்டு வந்து காட்டுறேன்."

எனக்குக் கோபம் வர வேண்டும். வருவதற்கு நெஞ்சில் இடம் இல்லை.

"மச்சான், ஒண்ணு கேக்க மறந்துட்டேன்" என்றாள். "எத்தன தடவ ஏறுனீங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லை. "அறுபத்து மூணு."

"அப்ப மிச்சம் முப்பத்தேழு இருக்கு. பாதியில விட்டா எப்படி அந்த பெல்ட்ட நம்புறது?"

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. மாமனாருக்கு நாலு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு மீதி முப்பத்தேழு தடவையும் ஏறி இறங்கினேன். வார் ஒரு நூல்கூட நழுவவில்லை.