தக்காளிக்கு அடுத்த வரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். வழக்கமாக இப்படி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். இந்த முறை டாக்டர் கையெழுத்துப் போட்ட அத்தாட்சியோடு எழுதுகிறேன். நீங்களும் என் மகளும் குழந்தையும் அவ்வாறே இருக்க வேண்டும். நடந்ததை உங்கள் அத்தை போனில் மகளிடம் சொல்லியிருப்பாள். அது அவள் தரப்பு, இது என் தரப்பு.

நீங்கள் உருவாக்கி, அதன் நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் டைரிச் செயலியில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று சொன்னீர்கள் அல்லவா? ஓய்வு பெற்றவனிடம் சொல்லக் கூடாத பேச்சு அது. முதலில் நாலைந்து எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பினேன், 'நன்றி மாமா' என்று ஏற்றுக்கொண்டீர்கள், ருசி கண்டுவிட்டேன். அப்புறம்தான் அந்தக் கேள்வி கண்ணில் பட்டது. டைரியில் எழுதுவதை, அதே வீட்டில் இன்னொருவர், நம் வீட்டில் உங்கள் அத்தை, வைத்திருக்கும் கடைப்பட்டியல் செயலிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, நாம் வாய் திறக்கும் முன்பே 'வேண்டாம்' என்பதில் குறி போட்டு வைத்திருந்தது. ரயில் நிலைய விசாரணைக் கவுண்ட்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவன் நான். கேட்டதையே ஏழு தடவை கேட்டவனுக்கும் இல்லை என்று சொன்னதில்லை. பக்கத்துச் செயலி மரியாதையாக வந்து கேட்கிறது, முகத்தில் அடித்தாற்போல வேண்டாம் என்பதா? குறியை 'சரி'க்கு மாற்றி அனுப்பினேன். அரை நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டீர்கள். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை என்று இப்போது தெரிகிறது. மாமனார் அனுப்பியதை எப்படித் திருப்புவது என்ற கூச்சம். ஆகவே பாதிப் பழி உங்களுடையது, இதைக் கோபமாகச் சொல்லவில்லை.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்பதால் சொல்கிறேன். இரண்டு மாதமாக என் கழுத்தில் பட்டாணி அளவு ஒரு கட்டி. காலர் பட்டனைப் போட்டு மறைத்துக்கொண்டு, நடந்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவளிடம் மூச்சு விடவில்லை. நல்ல முடிவு வந்தால் சொல்லவே வேண்டாம், கெட்ட முடிவு வந்தால் அப்புறம் யோசிக்கலாம் என்று இருந்தேன். பயமாக இருந்தது மாப்பிள்ளை. டைரியில் மட்டும் வியாழக்கிழமைக்கு நேராக எழுதி வைத்தேன். வியாழக்கிழமை காலையில் உங்கள் அத்தை கடைக்குப் போய்ப் பட்டியலைத் திறந்தால், தக்காளி ஒரு கிலோ, அதற்குக் கீழே கழுத்துக் கட்டிப் பரிசோதனை முடிவு, பதினொரு மணி, பெரிய ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி.

தக்காளியை வாங்கிவிட்டாள், அதையும் சொல்ல வேண்டும். நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் யாரோ தொப்பென்று உட்கார்ந்து என் மடியில் ஒரு பையை வைத்தார்கள்.

"ஒனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டேன்.

"நீங்கதான். தக்காளிக்குக் கீழ எழுதியிருந்தீங்களே."

என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், கூப்பிடும்வரை விடவில்லை. வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்றார் டாக்டர். நிஜமாகவா என்று ஏழு தடவை கேட்டேன், ஏழு தடவையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொன்னார். கவுண்ட்டரில் உட்கார வேண்டிய மனிதர். திரும்பி வரும்போது பஸ்ஸில், தக்காளியை நசுக்கிவிட்டேன் என்று திட்ட ஆரம்பித்தாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

ஆனாலும் தப்பு தப்புதான். உங்கள் புகார்ப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர் எழுதியிருக்கிறார், அவர் டைரியில் இருந்த 'எடை நூற்றுப் பத்து' அவர் மனைவியின் பட்டியலில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் போய் நின்றதாம், மனைவி வெண்ணெயைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டாராம். ஆகவே பழையபடி 'வேண்டாம்' என்பதிலேயே குறியை வைத்துவிடுங்கள். இனி நான் எந்தத் திருத்தம் அனுப்பினாலும் தாட்சண்யம் பார்க்காமல் திருப்பி அனுப்புங்கள். உறவு வேறு, செயலி வேறு.

குழந்தைக்கு என் முத்தங்கள். தலை முழுக்க நரைத்தும் கழுத்தில் ஒன்றும் முளைக்காத நீண்ட ஆயுள் உங்கள் இருவருக்கும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
நலமாக இருக்கும்
மாமா

பி.கு.: கடிதத்தை உங்கள் அத்தை படித்துவிட்டாள். "அந்தச் செயலி வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் தக்காளிய வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். நீங்க அங்க தனியா உக்காந்திருப்பீங்க" என்றாள். பிறகு அவள் பேரில் ஒரு கணக்குத் திறக்கச் சொன்னாள், திறந்து கொடுத்தேன். 'வேண்டாம்' என்ற வரியையே அடியோடு எடுத்துவிடும் திருத்தம் ஒன்று இந்நேரம் உங்களுக்கு வந்திருக்கும். பல் டாக்டர் வெண்ணெயைக் குறைத்தால் அவருக்குத்தான் நல்லது என்கிறாள். நான் அனுப்புவதைத்தானே திருப்பி அனுப்பச் சொன்னேன்? இது உங்கள் அத்தை அனுப்பியது. தைரியம் இருந்தால் திருப்பி அனுப்பிப் பாருங்கள்.