மூங்கில் முடக்கும் கோட்டு டிரைவரும்

இந்தத் தீவில் ரோட்டுக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதை மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் கோட்டு டிரைவர்தான். மற்றவர்கள் அதை ஒரு வதந்தியாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொலிஸ்காரர்கள் அந்த வதந்தியைக்கூடக் கேள்விப்படவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எஹலியகொடைக்கும் இரத்தினபுரிக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டத்தின் பேரும் பக்கத்துப் பஸாரின் பேரும் வேண்டாம். நான் சொல்லப்போகும் ஆட்களில் சிலருடைய பிள்ளைகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். நானும் அந்த வழியாகப் பஸ்ஸில் போய்வர வேண்டும். அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அவர் தோட்டத்து லொறி டிரைவர். சனிக்கிழமைதோறும் ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு பஸாருக்குப் போவார். தபால், மண்ணெண்ணெய், பள்ளிக்கூடத்துச் சோக்கட்டி என்று ஏதாவது காரணம் சொல்லி நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்வேன்.

ஒல்லியான மனிதர். ஆனால் கோபத்துக்கு மட்டும் நாலு ஆள் இடம் வைத்திருந்தார். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ஒரு தடவை கோபப்பட்டுவிடுவார் என்று அவருடைய சம்சாரமே என்னிடம் சொல்லியிருக்கிறார். லயத்து வரிசை வீட்டு வாசலில் தண்ணீர்க் குடத்தோடு எதிரெதிரே வரும் பெண்களை நிறுத்தி, "ஆளுக்கொரு பக்கமாப் போனா கொடம் இடிக்குமா?" என்று சத்தம் போடுவார். ஒரு வருஷம் திருவிழாவில் தேர் நடுரோட்டில் வந்தது. இவர் முன்னால் போய்க் கையை நீட்டி நின்றுவிட்டார்.

"அண்ணே, மாரியம்மன் வருது, தள்ளுங்க!" என்று தேர் இழுத்தவர்கள் கத்தினார்கள்.

"மாரியம்மனா இருந்தா என்னா? லெப்ட்ல வரச் சொல்லு!"

அம்மன் இடப்பக்கமாகத்தான் போனாள். பூசாரி ஒரு மாதம் இவருக்குத் திருநீறு கொடுக்கவில்லை.

'கோட்டு டிரைவர்' என்ற பட்டம் வந்த கதை இது. தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டில் ஏறிக் கால் மைல் போனதும் ஒரு பெரிய வளைவு. இரண்டு பக்கமும் மூங்கில் அடர்ந்து, எதிரே யானை வந்தாலும் தெரியாது. மூங்கில் முடக்கு என்று அதற்குப் பேர். ஒரு முறை யாரோ மந்திரி வருகிறார் என்று அந்த ரோட்டுக்கு வெள்ளைக்கோடு போட ஆரம்பித்தார்கள். முடக்கின் இந்த முனையில் தொடங்கி அந்த முனைக்குப் போவதற்குள் பெயின்ட் தீர்ந்துவிட்டது. மந்திரியும் வரவில்லை. ஆனால் முடக்கின் நடுவில் பளிச்சென்று ஒரு கோடு மிஞ்சியது. அன்றையிலிருந்து கோட்டு டிரைவருக்கு அதுதான் சாமி. அதன்மேல் ஒரு டயர் பட்டால் தன் காலை மிதித்ததுபோலத் துள்ளுவார். எங்கள் பக்கத்தில் வழக்கு மன்றத்துக்கும் கோடு என்றுதான் பேர். ஆகவே புதிதாக வருகிறவர்கள், "ஐயா எத்தனை வழக்குப் பார்த்திருக்கிறார்?" என்று மரியாதையாக விசாரிப்பார்கள்.

நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம், பாக்கியம் சாகும்வரை.

பாக்கியம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவள். ஒருநாள் வெட்டு முடிந்து, பால் வாளியோடு மூங்கில் முடக்கில் புல் ஓரமாக நடந்து வந்திருக்கிறாள். ஒரு முதலாளியின் மணல் லொறி கோட்டைத் தாண்டி, முடக்கை முழுவதுமாக வெட்டிக்கொண்டு வந்து அடித்துவிட்டது. சற்றைக்கெல்லாம் அங்கே வந்தவர் கோட்டு டிரைவர். ரோடெல்லாம் ரப்பர் பால் வெள்ளையாகக் கொட்டிக் கிடந்ததாம். அவளைத் தூக்கி ஷீட் கட்டுகள்மேல் கிடத்தி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பாதி வழியிலேயே உயிர் போய்விட்டது.

பொலிஸ் வந்து எழுதியது ஒரே வரி: 'பெண் கவனமில்லாமல் நடந்தாள்.'

"டயர் தடம் கோட்டுக்கு இந்தாண்ட நாலு மொழம் கெடக்கு டீச்சரம்மா!" என்று என் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். "நாலு மொழம்! அளந்து பாருங்கன்னு சொன்னேன். அந்த பொலிஸ் சார்ஜன் குனியக்கூட இல்ல. செத்தவ கவனமா நடக்கலியாம். லொறி மட்டும் கவனமா வந்து அடிச்சிச்சா?"

அளக்கவைக்க என்னிடம் அதிகாரம் இல்லை. எழுத்து இருந்தது. சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால் சிங்களத்தில் பெட்டிஷன் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

"மகா கனம் பொருந்திய இன்ஸ்பெக்டர் அவர்களுக்கு என்று தொடங்கட்டுமா அண்ணே?"

"எழுதுங்க. ஆளு கனமாத்தான் இருக்காரு. அதான் நாக்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டேங்குறாரு."

பொலிஸ் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் பொலிஸ்காரர்கள் முடக்குக்கு அரை மைல் தள்ளி, நேர் ரோட்டில், தேத்தண்ணிக் கடைக்கு எதிரே பலா மரத்தடியில் நிற்பார்கள். அங்கே அவர்கள் பிடிப்பது சைக்கிள். பட்டப்பகலில் சைக்கிளுக்கு விளக்கு இல்லை என்று பிடிப்பார்கள். கோட்டைத் தாண்டும் வண்டியைப் பிடிக்க முடக்கில் நிற்க வேண்டும். முடக்கில் தேத்தண்ணிக் கடை இல்லை.

"மொதல்ல பெரிய வண்டியப் புடிக்கணும்," என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "அபராதம் போடக் கூடாது. அத மொதலாளி கட்டிட்டுப் போயிருவாரு, டிரைவருக்கு என்னா வலி? வண்டியத் திருப்பி முடக்குக்கு அந்தாண்ட அனுப்பணும். மறுபடி அவன் பக்கத்துல ஓட்டிக்கிட்டு வரணும். பத்து தடவ! பஸ்ஸா இருந்தா உள்ள இருக்க ஆளுங்களே பதினோராவது தடவ அவன ஒதைச்சிருவாங்க."

பதினேழு பெட்டிஷன் போட்டோம். சனிக்கிழமை பஸாருக்குப் போகும்போது பொலிஸ் நிலையத்திலும் இறங்கி, "மாத்தயா, எங்க கடுதாசி வந்திச்சா?" என்று கேட்பார். ஐந்தாவது கடிதம்வரை சார்ஜன் சிரித்தார். அதற்குப் பிறகு கோட்டு டிரைவரின் லொறிச் சத்தம் கேட்டாலே பின்கதவால் போய்விடுவார்.

பொலிஸ் வராததால் அவரே ஆரம்பித்துவிட்டார். முடக்கில் எதிரே ஒரு வண்டி கோட்டைத் தாண்டி வந்தால் ஒதுங்க மாட்டார். தன் பக்கத்திலேயே லொறியை நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, கைகட்டி உட்கார்ந்துவிடுவார். எதிரே வந்தவன் பின்னால் எடுத்து ஒழுங்காக வர வேண்டும். முதலில் மாட்டியது சோமபாலா என்ற சிங்கள டிரைவரின் பஸ். சோமபாலா முரட்டு மனிதர். அன்றைக்குக் கோட்டு டிரைவரின் ஏழு தலைமுறையைச் சிங்களத்தில் திட்டினார். இவர் எட்டாவது தலைமுறையிலிருந்து திருப்பித் திட்டினார். கால் மணி நேரத்துக்குப் பிறகு பஸ் பின்னால் போனது. அடுத்த கிழமையும் போனது. மூன்றாவது தடவைக்குப் பிறகு சோமபாலா அந்த முடக்குக்கு வந்தாலே ஹோர்ன் அடித்து, மூங்கிலில் உரசுகிற மாதிரி இடப்பக்கமாகப் போக ஆரம்பித்துவிட்டார். பொலிஸ் வருஷக்கணக்காகச் செய்யாத வேலையை ஒரு பழைய லொறி மூன்று மாதத்தில் செய்தது.

அப்படியிருக்கும்போதுதான் ஜீப் வந்தது.

ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். தூறல். நாங்கள் பஸாருக்குப் போகிறோம். பின்னால் சோமபாலாவின் பஸ். முடக்கில் நுழைந்ததும் எதிரே பொலிஸ் ஜீப், கோட்டுக்கு முழுவதும் இந்தப் பக்கம். பிரேக் கிறீச்சிட்டு ஒரு சாண் இடைவெளியில் இரண்டும் மூக்கோடு மூக்கு நின்றன.

"பஸ்ஸட்ட கனின்!" என்று ஜீப் ஓட்டிய கொன்ஸ்டபிள் கத்தினான். பின்னால் எடு என்று அர்த்தம்.

கோட்டு டிரைவர் என்ஜினை அணைத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டீச்சரம்மா, கொடை கொண்டாந்தீங்களா? கொஞ்ச நேரம் ஆவும் போல" என்றபடி கீழே இறங்கினார்.

ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டரே இறங்கினார். பேச்சு சிங்களத்தில் நடந்தது.

"நான் யாரென்று தெரியுமா?"

"தெரியாம என்னாங்க மாத்தயா? ஒங்களுக்குப் பதினேழு கடுதாசி போட்டிருக்கேன்."

"லொறியைப் பின்னால் எடு. அவசர வேலை."

"எனக்குப் பின்னால பஸ் நிக்குது. ஒங்களுக்குப் பின்னால ரோடு சும்மா கெடக்கு. கொஞ்சம் பின்னால எடுத்து, ஒங்க பக்கத்துலயே வாங்க. அரை நிமிச வேல."

பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரின் கழுத்து சிவந்தது. "உன்னை இந்தியாவுக்கு அனுப்பிவிடுவேன், தெரியுமா?"

அந்தக் காலத்தில், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வாரிசுகளான எங்கள் ஆட்களின் வாயை அடைக்க அந்த ஒரு வார்த்தை போதும். பிறந்தது இங்கே, பாட்டன் செத்தது இங்கே, ஆனால் எந்த நாடு என்று காட்டக் கையில் ஒரு கடுதாசி கிடையாது. பாதிப் பேருக்கு அதுதான் நிலை. அவருக்கும் அதுதான் நிலை.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அனுப்புங்க மாத்தயா. அங்கயும் லெப்ட்லதான் ஓட்டுறாங்களாம்."

முதலில் சிரித்தது சோமபாலா. பிறகு பஸ் முழுவதும். இன்ஸ்பெக்டர் லொறியைக்கூட மன்னித்திருப்பார், அந்தச் சிரிப்பை மன்னிக்கவில்லை. கோட்டு டிரைவரைப் பிடித்து ஜீப்பில் ஏற்றினார்கள். பொலிஸ் நிலையம் ஜீப் வந்த திசையில் இருந்தது. அங்கே போக வேண்டுமானால் ஜீப் பின்னால்தான் எடுக்க வேண்டும். எடுத்தது. உள்ளேயிருந்து, "ஹோர்ன் அடிச்சிக்கிட்டே எடுங்க, மொடக்கு!" என்று அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

வழக்குப் போட்டார்கள். லொறி கோட்டைத் தாண்டி வந்து ஜீப்பை மறித்ததாம், கடமைக்கு இடைஞ்சலாம். பச்சைப் பொய். லைசென்ஸ் பறிபோகும், மறியல் சிறையும் கிடைக்கும் என்றார்கள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "அன்னைக்கு நீங்க லொறியில போகலன்னு தொரை நெனைக்கிறாரு டீச்சர்" என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டே. பள்ளிக்கூடத்து வேலை, தோட்டத்தை நடத்தும் தொரையின் கையில் இருந்த காலம் அது.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், நான் பயந்துவிட்டேன். பிணையில் வந்திருந்த கோட்டு டிரைவரிடம் போனேன். 'நீங்க வர வேண்டாம்' என்று அவரே சொல்லிவிடுவார் என்று ஒரு நப்பாசை.

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க வராட்டி நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன் டீச்சரம்மா. பாக்கியத்துக்கும்தான் சாட்சி சொல்ல ஆளில்லாமப் போச்சு."

போனேன். நீதவான் முன்னால் ஒரு பேரைக் கூப்பிட்டார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோதுதான் அது அவருடைய பேர் என்று தோட்டத்து ஆட்களுக்கே தெரிந்தது. நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். "லொறி எந்தப் பக்கம் நின்றது?" என்று நீதவான் கேட்டார்.

"இடப்பக்கம். அந்தப் பக்கத்துச் சக்கரம் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியிருந்தது" என்றேன்.

"பெண்களுக்கு இடம் வலம் குழம்பும்" என்றார் பொலிஸ் பக்கத்தவர்.

எனக்கு அப்போது வந்த கோபம் கோட்டு டிரைவரிடமிருந்து தொற்றியதாகத்தான் இருக்க வேண்டும். "அவரோடு இரண்டு வருஷமாக லொறியில் போகிறவளுக்குக் குழம்பாது" என்று சத்தமாகவே சொன்னேன். அடுத்து சோமபாலா கூண்டில் ஏறி, "இந்த மனிதனை எனக்குப் பிடிக்காது. மூன்று தடவை என்னைப் பின்னால் போகவைத்தவன். ஆனால் அவன் லொறி கோட்டைத் தாண்டாது. செத்தாலும் தாண்டாது" என்றார்.

நீதவானும் அந்த ரோட்டில் போய்வருகிறவர்தான். வழக்கைத் தள்ளிவிட்டு, முடக்கில் ஒரு ஆளை நிறுத்துங்கள் என்று பொலிஸுக்குச் சொன்னார்.

இதற்குப் பிறகு எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. கோட்டு டிரைவரைத் தொரை லொறியிலிருந்து இறக்கி, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகை அறைக்கு அனுப்பினார். மூன்று மாதத்தில் என் வேலையும் போனது. கஹவத்தைப் பக்கம் வேறொரு தோட்டத்தில் இடம் தேடிக்கொண்டேன். முடக்குக்கு ஒரு கொன்ஸ்டபிள் வந்தான். வந்தவன் நேர் ரோட்டில் குடை பிடித்துக்கொண்டு நின்றான். கோட்டு டிரைவர் வேலை முடிந்து புகை நாற்றத்தோடு போய், "இங்க நின்னா கோழிதான் தெரியும் தம்பி, அங்க வா" என்று அவனைக் கைபிடித்து மூங்கிலடிக்குக் கூட்டிப்போய் நிறுத்துவாராம். ஒரு மாதம் முடக்கில் ஒரு வண்டியும் கோட்டைத் தாண்டவில்லை. பிறகு அந்தக் கொன்ஸ்டபிளையும் சைக்கிள் பிடிக்கக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பொலிஸால் முடியாது என்று இன்றைக்கு யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அந்த ஒரு மாதத்தால்தான். முடியும். நிற்க வேண்டிய இடத்தில் நின்றால் போதும்.

சில வருஷம் கழித்து, இனக்கலவரம் வந்த ஒரு கெட்ட காலத்தில், அந்தத் தோட்டத்து லயங்களுக்குத் தீ வைத்தார்கள். கோட்டு டிரைவர் குடும்பத்தோடு வடக்கே வவுனியாப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறினார் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வவுனியாப் பக்கத்து ரோடெல்லாம் மைல் கணக்கில் நேராக ஓடுமாம். அங்கே சண்டை பிடிக்க ஆளில்லாமல் அந்த மனிதர் என்ன பாடுபடுகிறாரோ என்று, மழை பெய்கிற சனிக்கிழமைகளில், நான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.