பெரிய சென்சாரும் என் மகளின் நெற்றிச்சுட்டியும்

எங்கள் வீட்டில் என் காதுபட யாரும் சென்சார் என்ற சொல்லைச் சொல்வதில்லை. சொன்னால் அன்றைய குழம்பில் உப்பு இருக்காது. என் மூத்த மகளுக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் யாராவது கழுத்தில் பெரிய கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு எதிரே வந்தால் நான் தெருவின் மறுபக்கம் போய்விடுகிறேன். கூடவே கோபமும் வருகிறது. முதலில் என் வீட்டுக்கு வந்த கேமராவின் மேல், அப்புறம் அதை அனுப்பிய மனிதர் மேல், கடைசியில் சுற்றி வளைத்து என் மேலேயே.

நான் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். குவிலென்ஸ், குவியம், குவியத் தூரம் என்று வருடம் தவறாமல் கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறவள். (இதை நான் மறைத்தாலும் என் தம்பி ஹலீம் உங்களிடம் சொல்லிவிடுவான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.) என் வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு கம்பெனிக் கிடங்கில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மூத்தவள் ஷமீமாவுக்கு நிக்காஹ் முடிவானதும் லீவு கேட்டார். கொடுக்கிறோம் என்றார்கள். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகு போன் வந்தது.

"மைமூன், லீவு இல்லேன்னுட்டாங்க."

"மூத்த புள்ள கல்யாணம்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். ரெண்டாவது புள்ள கல்யாணத்துக்குக் கண்டிப்பா தர்றேங்கறான்."

என்ன பெருந்தன்மை பாருங்கள்! அந்த மேனேஜர் மட்டும் அரசலாற்றுப் பாலத்தில் என் எதிரே வந்திருந்தால் தண்ணீரில்தான் கிடந்திருப்பான். நான் போனைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் சமாதானம் சொன்னார்.

"கோவப்படாதே. ஒரு சாமான் குடுத்து அனுப்புறேன். புள்ளகிட்ட சம்மதம் கேப்பாங்கள்ல, அப்ப அவ முகத்தை மட்டும் புடிச்சு அனுப்பிடு. எனக்கு அது ஒண்ணு போதும்."

எங்கள் நிக்காஹில் மணமகன் ஆண்கள் பக்கம் இருப்பார், மணமகள் பெண்கள் பக்கம் இருப்பாள். பெண்ணின் வாப்பா உள்ளே வந்து, இன்னாருக்கு உன்னைக் கட்டிக்கொடுக்கச் சம்மதமா என்று கேட்பார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வாய்க்குள்ளேயே ஒரு வார்த்தை சொல்வாள். அந்த வார்த்தையைக் கேட்க வேண்டிய மனிதர் குவைத்தில் மூட்டை எண்ணிக்கொண்டிருப்பார். அவருக்குப் பதிலாக அவருடைய அண்ணன் கேட்பார். அவர் பார்க்க வேண்டிய முகத்தை நான் படம் பிடித்து அனுப்ப வேண்டும். பெண்கள் பக்கம் வெளி ஆண்கள் வரக்கூடாது என்பதால் ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே போட்டோகிராபர் நான்தான்.

என்னிடம் ஏற்கெனவே ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தது. சோப்புப் பெட்டி அளவு. பள்ளி விளையாட்டு விழா, ஆண்டு விழா எல்லாம் அதில்தான். பளிச்சென்று ஃப்ளாஷ் அடிக்கும், கண்ணைச் சிவப்பாக்கும், ஆனால் ஆளைக் காட்டும். அது போதாது என்று எனக்கு யார் சொன்னது? யாருமே சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

குவைத்திலிருந்து லீவில் வந்த ஒருவர் போர்வை, பால்பவுடர், தலைவலித் தைலத்தோடு ஒரு கறுப்புப் பெட்டியையும் இறக்கிவிட்டுப் போனார். திறந்தால் உள்ளே தேங்காய் கனத்துக்கு ஒரு கேமரா. அதன் முன்னால் ஒரு லென்ஸ் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருந்தது. கோட்டுச்சேரியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஹலீமைக் கூப்பிட்டேன். பெட்டியைப் பார்த்ததுமே அவனுக்குக் குரல் மாறிவிட்டது.

"லாத்தா, உங்க பழைய கேமராவுல வெளிச்சத்தைப் புடிக்கிற சில்லு, அதான் சென்சார், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இதுல தபால்தலை அளவு!"

"அதனால என்னடா?"

"மழைக்கு சின்ன டம்ளரை வச்சா கொஞ்சந்தான் தண்ணி புடிக்கும். அண்டாவை வச்சா? அந்த மாதிரி வெளிச்சம். இருட்டுல எடுத்தாலும் தெளிவா வரும். ஃப்ளாஷே வேணாம்."

"வித்தியாசம் நல்லாத் தெரியுமா?"

"கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தாலே தெரியும்."

(இதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.) அந்த அண்டா உதாரணம் எனக்குப் பிடித்துப்போய், மறுநாள் வகுப்பிலும் சொன்னேன்.

ஆனாலும் நான் அறிவியல் டீச்சர். சோதிக்காமல் நம்புவேனா? நடுப்பகலில் வாசல் கேட்டை இரண்டு கேமராவிலும் எடுத்தேன். சாயங்காலம் விளக்குப் போடாமல் சுவரில் தொங்கிய நாட்காட்டியை இரண்டிலும் எடுத்தேன். பீரோக் கதவையும் சுவர்க் கடிகாரத்தையும் அப்படியே. எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு நாத்தனார் ஜமீலாவிடம் காட்டினேன். கேட் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே கேட்டுதானே மச்சி?"

"நல்லாப் பாரு. எது புதுசு?"

யோசித்து யோசித்துப் பழையதைக் காட்டினாள். எனக்கு ரத்தம் ஏறியது. நாட்காட்டிப் படங்களை எடுத்து முன்னால் போட்டேன். அதில் சந்தேகமே இல்லை. பழைய கேமராவில் நாட்காட்டி முழுக்கக் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள். புதியதில் தொழுகை நேரத்தின் பொடி எழுத்துக்கூட வாசிக்க முடிந்தது. "பாத்தியா!" என்றேன். அவள், "நாட்காட்டியை யாரு மச்சி போட்டோவுல பாத்துப் படிப்பாங்க?" என்று கேட்டாள். அறியாமை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. கேட், நாட்காட்டி, பீரோ, கடிகாரம். நான் சோதித்ததெல்லாம் தட்டையான சாமான்கள். என் மகள் தட்டை இல்லை.

ஹலீம் என்னவோ செய்து லென்ஸை முழுசாகத் திறந்து வைத்து, அது மாறாதபடி மேலே இருந்த திருகின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒன்றை ஒட்டினான். "இதைத் தொடாதீங்க லாத்தா. வெறுமனே அமுக்குனாப் போதும்." பழைய கேமராவை ஜமீலாவிடம் கொடுத்தேன். "வச்சுக்க. சும்மா எதையாவது எடுத்துக்கிட்டு இரு," என்றேன். அந்தத் தொனியை இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கல்யாண நாளன்று நான் பெண்ணைப் பெற்றவளாக இல்லை. போர்முனைக்கு வந்தவளைப் போல் இருந்தேன். சம்பந்தி வீட்டார் சலாம் சொன்னார்கள்; "கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றேன். மாப்பிள்ளையின் உம்மா என்னைக் கட்டிப்பிடிக்க வந்தார். இடையில் கேமரா இருந்ததால் அவருக்கு மார்பில் இடி. பிரியாணி சாப்பிடவில்லை. பக்கத்தில் ஜமீலா பளிச் பளிச்சென்று ஃப்ளாஷ் அடித்துக்கொண்டே இருந்தாள்.

"அதை உள்ள வைடி. என் படத்தைக் கெடுக்காதே."

"நான் என் படத்தை எடுக்கறேன் மச்சி. நீங்க உங்க படத்தை எடுங்க."

என் வீட்டுக்காரருடைய அண்ணன் சம்மதம் கேட்க உள்ளே வந்தார். கூடம் அடங்கியது. ஷமீமா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் சுட்டி முன்னால் சரிந்து ஆடியது. நான் முட்டி போட்டுக் கிட்டத்தில் போய் அமுக்கினேன், அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். அவள் சம்மதம் சொன்னது எனக்குக் கேட்கக்கூட இல்லை. டக் டக் என்ற சத்தம்தான் கேட்டது. பின்பக்கத் திரை தீப்பெட்டி அளவு. அதில் எல்லாமே அழகாக இருந்தது. தீப்பெட்டி அளவில் யார்தான் அழகாக இருக்க மாட்டார்கள்?

அன்று சாயங்காலமே குவைத்துக்குக் கிளம்புகிற ஒருவரிடம் சிடி கொடுத்தாக வேண்டும். ஹலீம் எதையும் திறந்து பார்க்காமல் அவசரமாகப் பதிந்தான். "இடம் மிச்சம் இருக்கு லாத்தா, ஜமீலா மச்சி எடுத்ததையும் போட்டுடறேன்," என்றான். "குப்பையை எதுக்குடா?" என்று கேட்டேன். நல்லவேளை, அவன் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. நான்தான் முதலில் கேட்டேன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"நகை நல்லாத் தெரியுது."

"அப்புறம்?"

"நெத்திச்சுட்டியில ஓரத்துக் கல்லு கொஞ்சம் விலகியிருக்கு. தட்டான்கிட்டக் குடுத்து சரி பண்ணச் சொல்லு."

"அப்புறம்?"



"மைமூன்... புள்ள எங்கே?"

போனை வைத்துவிட்டுக் கோட்டுச்சேரி பஸ் ஏறினேன். ஹலீமின் பெரிய திரையில் என் கைவேலை ஒவ்வொன்றாக விரிந்தது. நெற்றிச்சுட்டி: ஒவ்வொரு கல்லும், கல்லுக்குள் ட்யூப்லைட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் பனிமூட்டத்தில் ஏதோ ஓர் உருவம். என் மகளாக இருக்கலாம். அடுத்தது, பால்பழம் ஊட்டும் கரண்டி; கரண்டியில் பழத்தின் விதைகூடத் தெரிந்தது, வாய் தெரியவில்லை. அடுத்தது, மாப்பிள்ளையின் உம்மாவுடைய வளையல், அவரைக் காணோம். ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் மேகத்தில் மிதந்தார்கள். மல்லிகைப்பூ ஒவ்வொன்றும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் போல அவ்வளவு தெளிவு!

"சென்சார் பெருசுன்னியேடா!"

"பெருசுதான் லாத்தா. அதான் கல்லு அவ்வளவு சுத்தமா வந்திருக்கு."

"முகம்?"

"லென்ஸ் முழுசாத் திறந்திருந்தா ஒரு அப்பளம் கனத்துக்குத்தான் தெளிவு நிக்கும். முன்னால எது நீட்டிக்கிட்டு இருக்கோ, கேமரா அதைப் புடிச்சுக்கும். நாட்காட்டி அப்பளத்துக்குள்ள அடங்கிடும். ஷமீமா தலையைக் குனிஞ்சுட்டாளே."

"கல்யாணப் பொண்ணு தலை குனியாம நிமிந்தா உக்காருவா? இதை ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"குவியத் தூரம் பாடம் நடத்துறவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

கையில் கிடைத்த மவுஸை எறிந்தேன். வயர் இருந்ததால் அது திரும்பி என் மேலேயே விழுந்தது. கம்ப்யூட்டரில் சரி செய்ய முடியாதா என்று கெஞ்சினேன். கலங்கிப் போனதைத் தெளிய வைக்க வழியில்லை என்றான். மகளின் கல்யாணத்தில் ஒரு வாய் சாப்பிடாமல், அவள் சொன்ன ஒரு வார்த்தையைக் காதில் வாங்காமல், பெற்ற தகப்பனுக்கு நான் அனுப்பியது ஒரு நகைக்கடை விளம்பரம். அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான். வேறு எதற்காகவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார். குரல் தெளிந்திருந்தது.

"கெடைச்சிடுச்சு புள்ள!"

"என்னது?"

"அவ முகம். ஜமீலா எடுத்ததுல இருக்கு."

மறுபடியும் ஹலீமிடம் போய்ப் பார்த்தேன். கோணல் படம். ஒரு மூலையில் ஜமீலாவின் விரல். பாதிப் படத்தை என் முதுகும் முழங்கையும் அந்தத் தேங்காய்க் கேமராவும் அடைத்திருந்தன. மீதி இடுக்கில் ஷமீமா: கண் சிவப்பு, மூக்கில் ஃப்ளாஷ் பட்ட எண்ணெய் மினுமினுப்பு, உதடு பாதி திறந்து, சம்மதம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைப் பிரிண்ட் போட்டு அவர் தன் குவைத் அறையில் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பற்றிக்கொண்டுதான் வந்தது. என் முதுகையும் சேர்த்தா ஒட்டுவார்கள்?

சென்சாரை மாற்றினால் படம் நன்றாக வருமா என்று சிலர் இன்னும் என்னிடமே வந்து கேட்கிறார்கள். (எத்தனை தைரியம்!) நியாயமாகவே பதில் சொல்கிறேன். வெயிலில் எடுத்துக் கையடக்கமாகப் பிரிண்ட் போட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஜமீலா சொன்னதுதான் சரி. மங்கிய வெளிச்சத்தில் தெரியும், நன்றாகவே தெரியும். பின்னாளில் என் இளையவள் ருக்சானா அந்தப் பிளாஸ்திரியைப் பிய்த்து எறிந்து, லென்ஸின் திறப்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டு அதே கேமராவில் எடுத்த படங்களைப் பார்த்தவள் நான். கடற்கரையில் பொழுது சாயும் நேரத்தில்கூட முகம் முகமாகவே வந்தது. ஆக, சென்சார் மேல் குற்றமில்லை. அதற்காக அதை நான் மன்னிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ருக்சானாவின் நிக்காஹுக்கு அவர் வந்தார். அன்று என் கையில் யாரும் கேமரா கொடுக்கவில்லை. எடுக்கிற வேலையை ஜமீலாவிடம் ஒப்படைத்துவிட்டு என்னைச் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவரே உள்ளே வந்து, மகளின் முன்னால் உட்கார்ந்து, சம்மதம் கேட்டார். இந்த முறை எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. அவர் எழுந்து, தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு என் பக்கமாக வந்தார்.

"இப்பவாவது முகத்தை நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"எங்க பாத்தேன். நெத்திச்சுட்டிதான் தெரிஞ்சுது. மத்ததெல்லாம் ஒரே கலங்கல்."

அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. இதற்காகவா மனிதர் குவைத்திலிருந்து வந்தார்? பக்கத்தில் நின்ற ஜமீலாவின் காதில் அது விழுந்துவிட்டது. அவ்வளவுதான், குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது. சென்சார் என்ற சொல்லுக்குத் தடை இருப்பதால் இப்போது அவர்கள் வேறு சொல் வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்குக் கண் கலங்கினாலும் சரி, வெங்காயம் நறுக்கினாலும் சரி, பேரன் விளையாடி முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தாலும் சரி, ஒருவராவது குனிந்து முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடுவார்கள்:

"என்ன, நெத்திச்சுட்டி மட்டும் தெரியுதா?"